இரவு வேலை பழகிவிடுமா?

பின்னிரவு மூன்று மணிக்குக் கல்முனை உறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்பவர் அந்நேரத்தில் அவ்வூரைக் கண்டறியாதவர். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும், வடக்கேயுள்ள ஆதார வைத்தியசாலையிலும் தாதியர் நோயாளரின் கட்டில்களுக்கிடையே நடந்துகொண்டிருப்பர். பேக்கரிப் போறணைகளில் காலைக்குரிய பாண் வெந்துகொண்டிருக்கும். கொழும்பிலிருந்து முன்னிரவிற் புறப்பட்ட பஸ் வண்டியின் சாரதி, பயணிகள் யாவரும் உறங்க, தாம் ஒருவரே கண் விழித்து வீதியை நோக்கியிருப்பார். கிழக்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய ஊர்களின் மீனவர் கடலிலே வலைகாத்திருப்பர். மேற்கே வயல்வெளியில் விளைந்த நெல்லை யானையிடமிருந்து காப்பதற்காகப் பரண்மீது சிலர் குந்தியிருப்பர். பொலிஸ் நிலையத்திலும், மின்சார சபையிலும், காவற் கொட்டில்களிலும் விழித்திருப்போரையும் சேர்த்தால், உறங்கும் ஊருக்குள்ளே விழித்திருக்கும் வேறோர் ஊர் உண்டு என்றே சொல்லவேண்டும்.

இந்த இரண்டாவது ஊரவர்களிடம், "உங்களுக்கு இது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "தொடக்கத்திலே கஷ்டந்தான், பிறகு பழகிப்போய்விட்டது" என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு மூத்தோர் சொல்லும் ஆறுதலும் அதுவே. நாள் செல்லச் செல்லப் பழகிவிடும்!

இவ்வொரு சொல் மெய்தானா என்பதைச் சோதிப்பதிலேயே விஞ்ஞானிகள் ஏறக்குறைய நூறாண்டு காலத்தைச் செலவிட்டிருக்கிறார்கள் எனலாம். அவர்கள் கண்ட முடிவு நம்மவர் பலருக்கு வியப்பைத் தரும். அந்த முடிவுக்குப் பின்னர் ஆராய்ச்சி திரும்பியிருக்கும் திசையோ நம் வீட்டு அடுக்களைவரை வந்து நிற்கிறது.

மருதமுனைக் கைத்தறியை எல்லோரும் அறிவர். நெய்பவர் எழுந்துசென்றால் தறி நின்றுவிடும். அவர் உறங்கினால் அதுவும் உறங்கும். நீராவியாலும் மின்சாரத்தாலும் ஓடும் பஞ்சாலை அவ்வாறன்று. யந்திரத்துக்குக் களைப்பில்லை, அதை இரவில் நிறுத்திவைப்பது முதலாளிக்கு நட்டம். ஆகவே மனிதரைப் பங்கு பிரித்து, முறை முறையாக அதன்முன் நிறுத்தும் வழக்கம் உண்டாயிற்று. ஜப்பான் தேசத்துக் குரஷிக்கி நகரில் இத்தகையதொரு பஞ்சாலை இருந்தது. அதன் அதிபர் ஓஹரா மகொசபுரோ 1920 இல் தெருவோக்கா கிதோ என்னும் வைத்தியரை அழைத்து, அங்கே இரவிலே வேலைசெய்யும் இளம்பெண்களின் நிலையை நேரிற் பார்க்கச்செய்தார். அதன் பயனாக 1921 இல் தொழில் விஞ்ஞானக் கழகம் ஒன்று அவ்வாலையைச் சார்ந்தே தோன்றியது. ஓர் ஆலை முதலாளி தம்முடைய ஆலையின் குறையைத் தாமே பணங்கொடுத்து ஆராயச்செய்த இச்செயல் அக்காலத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் அரிது. பெண்களையும் சிறுவரையும் ஆலைகளில் இரவு வேலைக்கு அமர்த்துவதை 1929 முதல் ஜப்பானியச் சட்டம் தடுத்தது.

அதற்குமுன் 1919 இலேயே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் பெண்களின் இரவு வேலையைக் குறித்து ஓர் உடன்படிக்கையை இயற்றியிருந்தது. 1925 இல் பேக்கரித் தொழிலாளருக்கென்றே தனியாக இன்னொன்றும் வந்தது. பாண் வேகும் நேரம் உலகத்துப் பேரவை ஒன்றின் கவலையாக இருந்தது என்பதைக் காலையில் பாணைப் பிட்டுச் சம்பலோடு உண்ணும் நாம் அறிந்துவைப்பது நல்லது.

இவையெல்லாம் இரக்கத்தின்பாற்பட்டவை. கணக்கும் அளவுகோலும் பின்னரே வந்தன. சுவீடன் தேசத்து எரிவாயு நிலையம் ஒன்றிலே தொழிலாளர் மணிக்கு மணி மானிகளைப் பார்த்துப் பேரேட்டில் எண்களைப் பதியும் வழக்கம் இருந்தது. 1912 முதல் 1931 வரை எழுதப்பட்ட அப்பேரேடுகளை ஆராய்ச்சியாளர் பின்னாளிற் புரட்டி, எந்த மணியில் எத்தனை பிழைகள் நேர்ந்தன என்று எண்ணினர். அவ்வாராய்ச்சி 1955 இல் வெளியாயிற்று. பிழைகள் மலைபோற் குவிந்திருந்த நேரம் பின்னிரவு மூன்று மணியளவு. பகலுணவுக்குப் பின்னர் ஒரு சிறு மேடும் காணப்பட்டது. (மதிய உணவின்பின் வகுப்பிலே கண் செருகும் மாணவர்கள் இதனைக் கவனிக்க, பழி முழுவதும் சோற்றினுடையதன்று.) பேரேட்டை எழுதியவர்கள் புதியவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்காக இரவு முறை பார்த்தவர்கள். கேட்டிருந்தால் பழகிவிட்டது என்றே அவர்களும் சொல்லியிருப்பார்கள். தந்தி அச்சுப்பொறி இணைப்பு நிலையத்தில் அழைப்புக்கு விடைகொடுக்க எவ்வளவு தாமதமாகிறது என்று 1949 இல் வெளியான ஆங்கிலேய ஆய்வொன்றும் இதே கதையையே சொன்னது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது அதிகாலை நான்கு மணிக்கு. 1984 டிசம்பர் 2 ஆந் திகதி நள்ளிரவையொட்டிப் போபாலில் நச்சுவாயு கசிந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது அதிகாலை 1.23 மணிக்கு. இம்மூன்றையும் ஒரே மாலையாகத் தொடுத்து இரவின் கழுத்திற் போட்டுவிடுவது சரியன்று. யந்திரக் கோளாறும், நிருவாகச் சீர்கேடும், கஞ்சத்தனமும் அவற்றில் உண்டு. எனினும் களைத்த கண்களும் மந்தித்த மூளையும் அவ்வேளைகளில் துணைநின்றிருக்க முடியாது என்பதும் தெளிவு.

சரி, அந்த மூன்று மணியில் உடம்புக்குள் நடப்பது என்ன? இக்கேள்விக்கு விடைதேடிய வரலாறு மரத்திலிருந்து தொடங்குகிறது. மாவீரன் அலெக்சாந்தரின் காலத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டில், அந்திரோஸ்தேனிஸ் என்னும் கிரேக்கர் பாரசீக வளைகுடாவிலுள்ள தீவொன்றிலே ஒரு மரத்தின் இலைகள் இரவிற் கூம்பிக் காலையில் விரிவதைக் கண்டு எழுதிவைத்தார். அது புளியமரம் என்பர் அறிஞர். அத்தீவு, நம்மூர் இளைஞர்கள் இன்று தொழில் தேடிச் செல்லும் பஹ்ரைன். 1729 இல் தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒருபடி மேலே சென்றார். தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை வெளிச்சம் புகாத இருட்டறையில் வைத்தார். சூரியனைக் காணாமலே அச்செடி காலையில் இலை விரித்தது, மாலையிற் கூம்பியது. அப்படியானால் நேரம் சொல்லும் மணிக்கூடு வெளியே இல்லை, செடிக்குள்ளேயே இருக்கிறது என்று கொள்ளவேண்டியதாயிற்று.

மனிதனுக்குள்ளும் அத்தகைய மணிக்கூடு உண்டா, அதை நம் விருப்பப்படி திருகிவைக்க முடியுமா என்று பார்க்கப் புகுந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து நதானியேல் கிளைட்மன். 1938 இல் அவரும், ரிச்சட்சன் என்னும் மாணவரும் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையின் ஆழத்திலே 32 நாட்கள் தங்கினர். அங்கே பகலுமில்லை, இரவுமில்லை. நாளொன்றுக்கு 28 மணித்தியாலம் என்று வகுத்துக்கொண்டு உண்டு, உறங்கி, உடல் வெப்பத்தை அளந்தனர். இளைஞரான ரிச்சட்சனின் உடல் புதிய நாளுக்கு இசைந்துவந்தது. நாற்பது கடந்த கிளைட்மனின் உடலோ இருபத்துநான்கு மணித்தியாலக் கணக்கை விட மறுத்துவிட்டது. இரண்டே மனிதர், இரண்டு விடை. 'பழகிவிடும்' என்ற சொல்லின் வழக்கு அன்றே சிக்கலாகிவிட்டது.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜேர்மனியில் அஷோஃப் என்பார் அந்தெக்ஸ் என்ற ஊரில் நிலத்தடி அறை அமைத்து, மனிதரை வாரக்கணக்கில் நேரமறியாது வாழவைத்தார். அவருக்கு ஒரு நாள் ஏறக்குறைய 25 மணித்தியாலம் என்று விடை வந்தது. அங்கே தங்கியவர்கள் விளக்கைத் தாமே ஏற்றி அணைத்ததால் அக்கணக்குச் சற்று மிகைப்பட்டிருந்தது. 1999 இல் அமெரிக்கராகிய சைஸ்லர் அதனைத் திருத்தி, மனிதனின் உள்மணிக்கூடு 24 மணித்தியாலத்தையும் ஏறக்குறையப் பதினொரு நிமிடத்தையும் கொண்டது என்று காட்டினார். அம்மணிக்கூடு மூளையின் அடியில், கண்ணரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியிலும் சிறிய இரண்டு முடிச்சுகளில் இருப்பது 1972 இல் தெரியவந்தது. அதனை ஓட்டும் பரம்பரைக் கூறுகளைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017 இல் நொபெல் பரிசு கிடைத்தது. இரவு வந்ததென்று உடம்புக்கு அறிவிக்கும் மெலற்றோனின் என்னும் ஹோர்மோனை 1958 இல் லேர்னர் பிரித்தெடுத்தார். பிரகாசமான விளக்கொளி அந்த அறிவிப்பை அடக்கிவிடும் என்பது 1980 இல் நிரூபிக்கப்பட்டது. கண்ணுக்குள்ளே பார்ப்பதற்கன்றி, பொழுதை அறிவதற்கென்றே தனியான கலங்கள் உண்டென்பது 2002 இல் துலங்கியது.

ஆனால், இத்துறையிலே தமிழ்நாட்டிற் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே எம். கே. சந்திரசேகரன் என்னும் பேராசிரியர் இருந்தார். இந்தியாவில் இத்துறைக்கு அத்திவாரமிட்டவர் என்று அவரைச் சொல்வர். அவரும், ஜி. மாரிமுத்து முதலிய அவருடைய மாணவர்களும் மதுரையை அடுத்த குகை ஒன்றில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். சூரிய ஒளி எட்டாத ஆழத்திலே ஒரு வௌவாலைக் கூட்டில் அடைத்துவைத்தார்கள். அதற்குப் பகலிரவு தெரிய வழியேயில்லை. ஆனாலும் வெளியே பொழுது சாயும் நேரத்தில் அது தவறாமல் விழித்துப் படபடத்தது. எப்படி? சுற்றிலும் சுதந்திரமாக வாழ்ந்த அதன் இனத்து வௌவால்கள் மாலையிற் பறந்துசென்று விடியலில் திரும்பிவரும் ஆரவாரமே அதற்கு மணிக்கூடாக உதவியது. வேறு வௌவால் இல்லாத குகையில் தனியே அடைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போயிற்று. இம்முடிவு 1981 இல் வெளியானது. இன்னொரு புதினமும் உண்டு. வேற்றின வௌவால் ஒன்றைக் கொண்டுபோய் அக்கூட்டத்தின் நடுவே வைத்தபோது அந்த ஆரவாரம் அதற்குப் பயன்படவில்லை. தன் இனத்தாரின் போக்குவரத்தையே அது நேரமாகக் கொள்ளும் போலும்!

நேரமறியாது மனிதர் தங்குவதற்கான தனியறை ஒன்றும் அப்பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் எனக்கு அக்குகை வௌவாலே பெரிதாகத் தோன்றுகிறது. இரவு வேலைக்காரரின் துன்பத்தில் பாதி அக்கூட்டினுள் இருக்கிறது. வெயில் ஒரு பக்கம், ஊரின் நடமாட்டம் ஒரு பக்கம், இரண்டும் அவரைப் பகலுக்கு இழுக்கின்றன. காலை ஏழு மணிக்கு வைத்தியசாலையை விட்டு வெளியே வரும் தாதியின் கண்ணில் முதலிற் படுவது கிழக்குக் கடல்மீது எழுந்து நிற்கும் சூரியன். இரவெல்லாம் தடுமாறிய உள்மணிக்கூட்டை அவ்வெளிச்சம் மீண்டும் ஊராருடைய நேரத்துக்கே திருப்பிவிடுகிறது. வீட்டிலே பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுகிறார்கள், மீன்காரர் கூவுகிறார், அயலவர் வந்து கதவைத் தட்டுகிறார். சுவீடனின் ஓக்கர்ஸ்டெட் முதலியோர் அளந்து கண்டபடி, இரவு முறை முடிந்து பகலில் உறங்குபவருக்குத் தூக்கம் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம்வரை குறைந்துவிடுகிறது.

அப்படியாயின், முறை மாறாமல் நிரந்தரமாக இரவிலேயே வேலைசெய்வோரேனும் பழகிவிடுகிறார்களா? பிரித்தானிய அறிஞர் ஃபோக்கட் அதுவரை வெளியான ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2008 இல் விடை கூறினார். நிரந்தர இரவு வேலைக்காரரில் உள்மணிக்கூடு முற்றாக மாறியவர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. ஓரளவு நன்றாக இசைந்தோரும் நால்வரில் ஒருவருக்குக் குறைவே. பழகிப்போயிற்று என்று பலரும் சொல்லும்போது உண்மையில் பழகியிருப்பது களைப்பு, உடம்பன்று. வடகடலில் எண்ணெய்க் கிணறுகளின் மேடைகளிலே வேலைசெய்வோர் மட்டும் ஒரு வார காலத்தில் இரவுக்கு இசைந்துவிடுகிறார்கள். அங்கே வீடில்லை, சந்தையில்லை, பாடசாலையில்லை. சூழ உள்ளோர் யாவரும் ஒரே முறையில் வாழ்கிறார்கள். மதுரைக் குகை மறுபடியும் நினைவுக்கு வருகிறதன்றோ? ஆனால் வீடு திரும்பியதும் அவர்களுக்குத் துன்பம் தொடங்கிவிடும்.

நோன்பு மாதத்தில் நம் ஊர்கள் இரவுக்குத் திரும்புவதையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம். ஸஹருக்கு எழும்புவதும், தறாவீஹ் தொழுகையின்பின் கடைத்தெரு விழித்திருப்பதும் ஊர் முழுவதற்கும் பொதுவானவை. முன்னாளில் றபான் அடித்துப் பாடிவந்து பாவாமார் எழுப்பியதும் ஊர் முழுவதையுமே. வேலை நேரமும் அதற்கேற்பத் தளர்கிறது. றியாத் நகரத்து அறிஞர் பாஹம்மாம் முதலியோர் அம்மாதத்தில் உறங்கும் நேரமும் எழும் நேரமும் பின்தள்ளப்படுவதை அளந்திருக்கிறார்கள். கூடியிருந்து விழிப்பதற்கும், எல்லோரும் உறங்க ஒருவர் மட்டும் விழிப்பதற்கும் வேறுபாடு பெரிது.

இனி, நோய்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இதிலே அச்சுறுத்தலும் அலட்சியமும் இரண்டுமே தவறு. அமெரிக்காவில் 1976 இல் தொடங்கிய தாதியர் சுகாதார ஆய்வு, இலட்சத்துக்கு மேற்பட்ட தாதியரைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து கவனித்தது. 1988 இல் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: பகலும் மாலையுமாகிய முறைகளோடு மாதத்தில் மூன்று இரவுகளேனும் வேலைசெய்த ஆண்டுகள் எத்தனை? அந்த ஒரு கேள்வியின் விடைகளிலிருந்து பல முடிவுகள் பிறந்தன. நீரிழிவைப் பற்றிய முடிவு 2011 இல் வெளியாயிற்று. இரவு முறையே பாராதவரோடு ஒப்பிட்டால், மூன்று முதல் ஒன்பது ஆண்டுகள் பார்த்தவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 பங்கு அதிகம். பத்து முதல் பத்தொன்பது ஆண்டுகளுக்கு 40 பங்கு. இருபதுக்கு மேற்பட்டால் 58 பங்கு. இதில் ஒரு பகுதி உடற்பருமன் வழியாக வருவது என்பதையும் அவ்வாராய்ச்சியாளரே காட்டினர். நீரிழிவு இல்லாத வீடு அருமையாகிவரும் நம் பகுதியிலே, இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். இருதய நோயைப் பற்றியும் 2016 இல் வந்த முடிவு இதே திசையில், ஆனால் சிறிய அளவிலே, அமைந்தது.

புற்றுநோயைப் பற்றிய வழக்கோ இன்னும் முடிந்தபாடில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரவு முறை பார்த்த தாதியருக்கு மார்பகப் புற்றுநோய் 36 பங்கு அதிகம் என்று 2001 இல் அதே தாதியர் ஆய்வு கூறியது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007 இல் இரவு முறை வேலையை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாயிருக்கலாம்' என்னும் வரிசையிலே சேர்த்தது. டென்மார்க் அரசாங்கம் இதனை ஏற்று, நோயுற்ற பெண்கள் சிலருக்கு நட்டஈடும் வழங்கியது. ஆனால் 2016 இல் பிரித்தானியாவில் இலட்சக்கணக்கான பெண்களை ஆராய்ந்தோர் அத்தகைய தொடர்பு எதுவும் தங்கள் கணக்கிலே தெரியவில்லை என்றனர். 2019 இல் அந்நிறுவனம் மீண்டும் கூடி, எல்லாச் சான்றுகளையும் பரிசீலித்து, முன்னைய தீர்ப்பையே உறுதிசெய்தது. முடிவு ஐயத்துக்கு இடமானதாயினும் அசட்டை செய்யத்தக்கதன்று என்பதே என் எண்ணம். இதைக் கண்டு நடுங்கி வேலையைக் கைவிட வேண்டியதில்லை; வைத்தியர் சொல்லும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருந்தாற் போதும்.

பிரான்ஸ் தேசத்தார் ஞாபகசக்தியையும் சிந்தனையையும் சோதித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சிந்திக்கவைக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் முறைமாற்று வேலை செய்தவரின் மூளை ஆறரை ஆண்டு அதிகமாக மூப்படைந்ததுபோலத் தோன்றியது. அவ்வேலையை விட்டு ஐந்தாண்டுகளேனும் சென்றபின் அக்குறை நீங்கிவந்தது. மீளக்கூடிய நட்டம் என்ற அளவில் அது ஆறுதல்.

உடம்பு பழகாதென்றால், வைத்தியசாலையை இரவிலே மூடிவிடமுடியுமா? முடியாது. ஆகையாற்றான் இன்றைய ஆராய்ச்சி மனிதனை இரவுக்குப் பழக்குவதை விட்டு, இரவை மனிதனுக்கேற்ப ஒழுங்குபடுத்தும் வழிகளிலே திரும்பியிருக்கிறது.

அவற்றுள் முதலாவது முறை அட்டவணை. 1982 இல் சைஸ்லரும் தோழர்களும் யூட்டா மாநிலத்து உப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு மாற்றம் செய்தனர். அங்கே முறைகள் பின்னோக்கிச் சுழன்றன. இரவுக்குப்பின் மாலை, மாலைக்குப்பின் காலை. அதனை மாற்றிக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலவைத்தனர். மனிதனின் உள்மணிக்கூடு 24 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமானது என்று கண்டோமல்லவா? ஆகவே தாமதித்து உறங்குவது எளிது, முந்தி உறங்குவது கடினம். மாற்றத்தின் பின் தொழிலாளரின் மனநிறைவும் உற்பத்தியும் உயர்ந்தன. செலவு ஒரு சதமுமில்லை. கடதாசியில் எழுதும் ஒழுங்கு மாத்திரம். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியரின் இரவுக் கடமை பொதுவாக மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை, பன்னிரண்டு மணித்தியாலம். அட்டவணை எழுதும் பொறுப்பிலிருப்போர் இந்த உப்புத் தொழிற்சாலைக் கதையை ஒருமுறை கேட்பது பயன்தரும்.

இலங்கைச் சட்டத்தில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. தொழிற்சாலைகளிலே பெண்களின் இரவு வேலைக்கு இடமளித்த 1984 ஆம் ஆண்டுத் திருத்தம், மாதத்துக்குப் பத்து இரவுகளுக்கு மேற்படலாகாது எனவும், அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்தலாகாது எனவும், ஒன்றரை மடங்குக்குக் குறையாத கூலி கொடுக்கவேண்டும் எனவும் விதித்தது. ஒன்றரை மடங்கு கூலியைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். உடல்நலத்தைக் கருதினால் அப்பத்து என்னும் எண்ணே அதிகப் பெறுமதியுடையது.

இரண்டாவது உணவு. பொஸ்டன் நகரில் பத்தொன்பது பேரைக் கொண்டு 2021 இல் ஒரு சோதனை வெளியாயிற்று. எல்லோரும் இரவு வேலைக்காரர்போல் விழித்திருந்தனர். ஒரு சாரார் இரவிலும் உண்டனர். மற்றச் சாரார் பகலில் மாத்திரம் உண்டனர். இரவில் உண்டோரின் இரத்தச் சர்க்கரை சராசரி 6.4 வீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டோருக்கு உயரவேயில்லை. ஒடிசாவிற் பிறந்து அமெரிக்காவிலே பணிபுரியும் சச்சின் பண்டா என்பாரும் தோழர்களும், சான் டியேகோ நகரத்துத் தீயணைப்பு வீரரைப் பத்து மணித்தியாலத்துக்குள் அன்றைய உணவு முழுவதையும் முடித்துக்கொள்ளச் செய்து 2022 இல் முடிவு வெளியிட்டனர். ஏற்கெனவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ மிகுந்திருந்தவர்களுக்கு அது நன்மை செய்தது. சிறிய சோதனைகளே, ஆயினும் நம்மவருக்கு நெருக்கமானவை. பின்னிரவிலே தூக்கத்தை விரட்டுவதற்கு நம்மவர் நாடுவது கொத்துப் பராட்டாவும், ரோல்ஸும், சீனி கூட்டிய தேநீருமன்றோ? உடம்பு சர்க்கரையைக் கையாள ஆயத்தமில்லாத வேளையும் அதுவே. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றுதல் கூடாது, அது ஆபத்து.

மூன்றாவது, வீடு திரும்பும் வழி. பதினேழு மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், சிறிது மது அருந்தியவருடையவை போலவே தடுமாறும் என்று 1997 இல் அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டினர். மதுவின் வாசனையும் அறியாத ஒருவர், காலையிலே அதே நிலையில் வீதியில் இறங்குகிறார்! 2016 இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், இரவு முறை முடித்த பதினாறு பேர் மூடிய மைதானத்தில் மோட்டார் வாகனம் ஓட்டினர். அறுவர் விஷயத்தில் அருகிலிருந்தவர் அவசரமாகப் பிரேக்கை அழுத்தவேண்டி நேர்ந்தது. ஏழு பேரின் ஓட்டத்தை இடையிலேயே நிறுத்திவிட்டனர். அவர்கள் இருந்தது கார் வண்டியில். நம்மவர் வருவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில். கண் ஒரு கணம் செருகினாலும் தாங்கிப்பிடிக்க அங்கே எதுவுமில்லை. கடமை முடிந்ததும் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்படுவதற்கு ஓர் அறையும் ஒரு சாய்கதிரையும் கொடுத்தாலே போதும். இடையிலே சிறுதுயில் கொள்வதைச் சோம்பலாகக் கருதாது கடமையின் ஒரு பகுதியாகக் கருதும் வழக்கம் ஜப்பானியத் தாதியரிடையே உண்டு.

மீதமிருப்பது வீடு. இரவு முறை முடிந்து வாப்பா வந்து உறங்கினால், "சத்தம் போடாதீர்கள்" என்று உம்மா பிள்ளைகளை அதட்டுவதை எல்லோரும் கேட்டிருப்போம். இரவு முறை முடிந்து வருபவர் உம்மாவாகவே இருந்தால் அதட்டுவதற்கு யார் இருக்கிறார்? காலைச் சாப்பாடும், பிள்ளைகளின் சீருடையும், பகற்கறியும் அவரையே காத்திருக்கின்றன. உறங்கவேண்டிய பொழுதில் அவர் அடுப்படியில் நிற்கிறார். சன்னலுக்குக் கறுப்புத் திரையிடுக, தொலைபேசியை அணைத்துவைக்குக, படுக்கும் நேரத்தை மாற்றாதிருக்குக என்று நூல்கள் புத்திமதி சொல்கின்றன. அவற்றைச் சொல்லவேண்டியது தாதிக்கு அன்று, அவருடைய வீட்டாருக்கு. காலை எட்டு மணிமுதல் பிற்பகல் இரண்டு மணிவரை அவ்வீட்டுக்கு அது இரவு என்று கணவரும், மாமியும், அயலவரும் ஏற்றுக்கொள்ளாதவரை எந்தத் திரையும் பயன்படாது.

இத்துறை ஆய்வுகளிற் பெரும்பாலானவை மேல்நாட்டுத் தாதியரையும் தொழிற்சாலைத் தொழிலாளரையும் பற்றியவை. அவர்களுக்குப் பெயர்ப்பதிவும், அட்டவணையும், ஓய்வூதியக் கணக்கும் உண்டு. ஆகவே எண்ணுதல் எளிது. பரணில் யானை காப்பவருக்கு அவை எதுவுமில்லை. நெல் விளைந்த வாரங்களில் இரவெல்லாம் காவல், பகலில் வயல் வேலை. அறுவடை முடிந்தால் இரண்டும் ஓய்ந்துவிடும். மாளிகைக்காட்டு மீனவரின் கணக்கு இன்னும் வேறு. நிலவு காய்ந்தால் வலையை மீன் கண்டுகொள்ளும் என்பதனால், அவர் இருள் பார்த்துக் கடலுக்குப் போகிறார். மாதத்தில் எத்தனை இரவுகள் விழித்திருந்தீர், எத்தனை ஆண்டுகள் என்று அமெரிக்கத் தாதியரிடம் கேட்ட அக்கேள்வியை அவரிடம் கேட்டால், அவர் விரலை மடித்துப் பிறையைத்தான் எண்ணத் தொடங்குவார்.